ஓர்மையும் ஒரு நோய்க்காலமும்

நோய்களுக்கு மாந்தர் இட்டு வழங்கிய பெயர்களை ஆராய்வோர்க்கு, அந்நோய்களைக் கண்டு அவர்கள் கொண்ட அச்சத்தின் வரலாறும் உடன் புலப்படும். பண்டைக் கிரேக்க மருத்துவர், உடலில் தோன்றிய கட்டியையும் அதனைச் சுற்றிப் புடைத்தோடிய நாளங்களையும் கண்டு, அதற்கு நண்டு என்று பெயரிட்டனர். இலத்தீன் வழியாக வந்து உலகெங்கும் வழங்கும் 'கேன்சர்' என்பதும் நண்டே. அரபு மொழியின் 'சரத்தான்' என்னும் சொல்லும் நண்டையே சுட்டும். தமிழன் மட்டும் இதற்குக் கடற்கரையை நாடவில்லை. கறையான் ஓசையின்றி எழுப்பும் புற்றை நாடினான். வெளியே தெரிவது சிறு மேடு. உள்ளே எத்தனை அறை, எத்துணை ஆழம் என்பதை எதிரே நிற்பவர் அறியார்.

வகுப்பறையில் இத்தகைய சொல்லாய்வு சுவை பயக்கும். ஆனால் 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எம் மூத்த சகோதரியார்க்கு மார்பகப் புற்று என்று அறிக்கை வந்த அன்று, எம் இல்லத்தில் இம்மூன்று சொற்களுள் ஒன்றேனும் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. "அந்தச் சீக்கு" என்றார் பெரியவாப்பா. "கட்டி" என்றார் மச்சான். உம்மாவிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்தோம். ஐம்பத்து மூன்று வயதான லாத்தா ஒருவர்தாம், அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தவாறே, "கேன்சர்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்று கேட்டார். அவர் துணிவுடையவர். எனினும் துணிவுடையவர்க்கும் இரவு இரண்டு மணி என்று ஒன்று உண்டு. இக்கட்டுரை அந்த இரண்டு மணியைப் பற்றியது.

மருத்துவத்தின் ஒழுங்கை முதலில் கூறிவிடுதல் நன்று. அறுவை முடிந்து நான்கு வாரம் சென்றபின் மருந்தேற்றம் தொடங்கியது. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறையாக எட்டுத் தவணை. முதல் நான்கும், செவிலியர் 'சிவப்பு மருந்து' என்று வழங்கும் மருந்து. பின்னர்ப் பதினைந்து நாள் கதிர்வீச்சு. அதன்பின் ஐந்தாண்டுக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை. குமட்டலுக்கு மாத்திரை உண்டு. வெள்ளணுக்கள் குறைந்தால் ஊசி உண்டு. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் நீர் உண்டு. தூக்கம் கலைந்து எழுந்து, "கடைக்குட்டியின் நிக்காஹ் வரை இருப்பேனா? மறுபடி வருமா? வந்தால் எங்கே வரும்?" என்று கூரையைப் பார்த்துக் கிடக்கும் உள்ளத்திற்கு அந்த மருந்துச் சீட்டில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. அருகில் படுத்திருந்த எமக்கும் விடை தெரியவில்லை.

அம்மருத்துவமனையில் உளநல ஆலோசகராகப் பணியாற்றிய பெண்மணி ஒருவர், இரண்டாம் தவணைக்குப்பின் எம்மை அழைத்து, எட்டு வாரப் பயிற்சி ஒன்று இருப்பதாகக் கூறினார். வாரம் ஒரு நாள் கூடி அமர்தல். மற்ற நாள்களில் இல்லத்திலேயே பயிலுதல். நோயாளியுடன் துணைக்கு வருவோரும் அமரலாம். 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று அவர் அதற்குப் பெயர் கூறினார். லாத்தா கேட்டுவிட்டு எம் பக்கம் திரும்பி, "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒரு வகுப்பா?" என்றார். ஆயினும் சென்றோம்.

அச்சொல்லைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது என்ற எண்ணம் எம் தொழில் காரணமாக அன்றே எழுந்தது. நினைவாற்றல் என்கின்றனர் சிலர். அது தேர்வெழுதும் மாணவர்க்கு உரியது. விழிப்புணர்வு என்றால் சுவரொட்டியும் பேரணியும் நினைவுக்கு வருகின்றன. மூலம் பாலி மொழியின் 'சதி' என்னும் சொல். அதற்கு நினைவு என்றும் ஒன்றில் ஊன்றிய கவனம் என்றும் இரு பொருளும் உண்டு. ரைஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர் 1881ஆம் ஆண்டில் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தபோது அதற்கு இந்த ஆங்கிலச் சொல்லை ஆண்டார். நம் தென்பாண்டிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் 'ஓர்மை' என்றொரு சொல் வழங்குவதை மாணவர் அறிவர். "எனக்கு ஓர்மையில்லை" என்றால் நினைவில்லை என்று பொருள். "ஓர்மையாய்ச் செய்" என்றால் மனத்தை ஒருமுகப்படுத்திச் செய் என்று பொருள். அப்பாலிச் சொல்லின் இரு பொருளையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. எனவே இக்கட்டுரையில் ஓர்மை என்றே வழங்குவோம்.

இப்பயிற்சியை மருத்துவமனைக்குள் கொணர்ந்தவர் ஜான் கபாட்-சின் என்னும் அமெரிக்கர். துறவியல்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1971ஆம் ஆண்டு மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர். பௌத்த ஆசிரியர்களிடம் தியானம் பயின்ற அவர், 1979ஆம் ஆண்டில் உஸ்டர் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியும் நாட்பட்ட நோயும் உடையோர்க்கெனப் பயிற்சியைத் தொடங்கினார். மருத்துவம் தன்னால் இயன்றதையெல்லாம் செய்துவிட்டுக் கைவிரித்தோரே அவரிடம் அனுப்பப்பட்டனர். அவர் கற்பித்தது மூன்றே: வேண்டுமென்றே கவனி, இப்பொழுது நிகழ்வதைக் கவனி, நன்று தீது என்று தீர்ப்புரைக்காமல் கவனி. சமயச் சொற்களையும் சடங்குகளையும் அவர் பயிற்சியினின்று நீக்கிவிட்டார். இதனைப் பௌத்தத்தின் வேரறுத்த செயல் என்று குறை கூறுவோரும் உளர். ஆனால் எல்லாச் சமயத்தாரும் வந்து படுக்கும் மருத்துவமனைக்கு அந்நீக்கம் இன்றியமையாதது என்பதே எம் கருத்து.

முதல் வகுப்பில் உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் தந்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாவில் வைத்து, மெல்ல மென்று உண்ணச் செய்வது உஸ்டர் நகரத்து வழக்கம். எம் வகுப்பில் ஒன்பது பெண்கள் அமர்ந்திருந்தனர். பாதிப்பேர்க்கு வாயெல்லாம் புண். இரும்பைச் சப்புவது போலச் சுவை மாறியிருந்தது. ஆலோசகர் பேரீச்சம்பழத்தைத் துண்டாக்கிக் கொடுத்தார். லாத்தா அதை உண்டு முடிக்க ஐந்து மணித்துளி ஆயிற்று. "எப்படி இருந்தது?" என்று கேட்டபோது, "நோன்பு திறக்கிற பழம் மாதிரி" என்றார். பதினான்கு மணிநேரம் காத்திருந்து பாங்கோசை கேட்டு வாயிலிடும் முதற் பேரீச்சம்பழத்தை எவரும் கவனமின்றி உண்பதில்லை. இரண்டாம் பழத்தைத்தான் பேசிக்கொண்டே உண்கிறோம். ஆலோசகர் ஒரு மணிநேரம் விளக்க எண்ணியதை அவ்வொரு விடை விளக்கிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ரமலான் வந்தது. மூன்றாம் தவணையும் அதனோடு வந்தது. நோயாளிக்கு மார்க்கம் நோன்பினின்று விலக்களித்துள்ளது என்று எல்லோரும் தேற்றினோம். அவருக்குத் துயரம் இருந்தது. எனினும் மாலையில் எங்களுடன் விரிப்பில் அமர்ந்து, தம் ஒரு பழத்தை அதே ஐந்து மணித்துளி எடுத்து உண்பார்.

சமயம் பற்றிய வினா எழாமல் இல்லை. "கண்ணை மூடி உட்காருவது புத்தர் வழிபாடாயிற்றே" என்று உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து கூறிச் சென்றார். மச்சான் எம் ஊர் ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டார். பிற தெய்வத்தின் பெயரோ உருவமோ மந்திரமோ உண்டா என்று அவர் வினவ, ஒன்றுமில்லை, மூச்சைக் கவனித்தல் மட்டுமே என்றார் மச்சான். "தொழுகையில் வேண்டுகிற உள்ளச்சத்துக்கு இது உதவினால் நல்லதுதானே" என்றார் அப்பெரியவர்.

ஈண்டு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றே என்று அவசரப்பட்டுக் கூறுவோர் உளர். அதனை யாம் உடன்படோம். இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் முராகபா என்னும் உள்ளக் கண்காணிப்பிற்குத் தனிப் பகுதி வகுத்துள்ளார். ஆங்கு அடியான் தன்னை இறைவன் காண்கிறான் என்னும் உணர்வோடு தன்னைக் காண்கிறான். மருத்துவமனை ஓர்மையிலோ காண்பவர் நோயாளி ஒருவரே. நம் தமிழ் ஞானியர் குணங்குடி மஸ்தான் சாகிபும் தக்கலை பீர்முகம்மது அப்பாவும் மூச்சையும் மனத்தையும் பற்றிப் பாடியவை இறைக்காதலின் பொருட்டு. அழுத்தம் குறைக்க அன்று. வேறுபாட்டை ஒப்புக்கொண்ட பின்னரே ஒன்றையொன்று பழிக்காமல் இரண்டையும் கைக்கொள்ள இயலும். லாத்தா அங்ஙனமே செய்தார். பஜ்ருத் தொழுகையை நாற்காலியில் அமர்ந்து முடிப்பார், தஸ்பீஹ் ஓதுவார், மணிமாலையை மடியில் வைத்துவிட்டு, அதன்பின் இருபது மணித்துளி மூச்சைக் கவனிப்பார். "அது அல்லாஹ்வுக்கு; இது டாக்டருக்கு" என்பார்.

பயிற்சியின் நடுநாயகம், படுத்த நிலையில் உடல் முழுவதையும் கவனத்தால் உலாவருவது. இடக்கால் பெருவிரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஓரிடத்தில் சிறிது நின்று, அங்கே குளிர்ச்சியோ வலியோ மரத்துப்போன நிலையோ எதுவாயினும் அதை அறிந்து, அடுத்த இடத்திற்குச் செல்ல வேண்டும். மாற்ற முயலுதல் கூடாது. உடல்நலமுடையோர்க்கு இது உறக்கம் வருவிக்கும். யாம் இரு முறை உறங்கியே விட்டோம். அறுவையுற்றவர்க்கு அது வேறு. ஆலோசகரின் குரல் வயிற்றைக் கடந்து நெஞ்சுக்கு வந்ததும் அவ்வறையில் மூச்சொலிகள் மாறுவதை யாம் கேட்டோம். இரண்டாம் வாரம் லாத்தா கண் திறந்து எழுந்து அமர்ந்துவிட்டார். மூன்றாம் வாரமும் அவ்வாறே. அறுவைக்குப்பின் குளியலறையில் விளக்கேற்றாமலே உடைமாற்றிக்கொண்டிருந்தவர் அவர். ஆலோசகர் வற்புறுத்தவில்லை. "அந்த இடம் வேண்டாமென்றால் கைகளுக்குப் போங்கள், அல்லது வெளியே கேட்கும் ஓசைக்குப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்று தெரிந்து போனால் போதும்" என்றார். அச்சத்தால் தன்னையறியாமல் விலகுவது வேறு. விலகுகிறேன் என்று அறிந்து விலகுவது வேறு.

ஐந்தாம் வாரம் லாத்தா எழவில்லை. பயிற்சி முடிந்து திரும்பும்போது ஆட்டோவில் அவரே பேசினார்: "இன்னைக்கு அந்த இடத்துல நின்னேன். வலியில்ல. மரத்துப்போய் இருக்கு. ஓரத்துல கொஞ்சம் இழுக்குது. அவ்வளவுதான் இருக்கு. நான் என்னமோ பெரிய பள்ளம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அன்றிரவு குளியலறையில் விளக்கெரிந்தது. யாம் ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவ ஆராய்ச்சி இதுபற்றி என்ன கூறுகிறது என்பதைப் பின்னர்ப் பொறுமையாகப் படித்தோம். கனடாவின் கால்கரி நகரில் அந்நாளில் இயங்கிய டாம் பேக்கர் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஸ்பெகா, லிண்டா கார்ல்சன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 90 நோயாளிகள் பங்கேற்றனர். ஏழு வாரப் பயிற்சி பெற்றோர்க்கு மனநிலைக் குலைவு 65 விழுக்காடும் அழுத்த அறிகுறிகள் 31 விழுக்காடும் குறைந்தன. அதே குழுவினர் 2013ஆம் ஆண்டில், மார்பகப் புற்றுக்கு மருத்துவம் முடித்து மனத்துயரில் உழன்ற 271 பெண்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு ஓர்மை. ஒரு பிரிவினர்க்கு ஒருவர்க்கொருவர் ஆதரவாய் மனம்விட்டுப் பேசும் குழு. மூன்றாமவர்க்கு ஒருநாள் வகுப்பு மட்டும். அழுத்த அறிகுறிகள் குறைவதில் ஓர்மைப் பிரிவினரே மற்ற இரு பிரிவினரையும் விஞ்சினர். 2019ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பயிற்சி முடியும் தறுவாயில் கவலையும் சோர்வும் குறைதல், உறக்கம் மேம்படுதல் ஆகிய நன்மைகள் காணப்பட்டன. காலம் செல்லச்செல்ல அவை தேய்ந்தன. நாள்தோறும் பயில்வதை நிறுத்தினால் பயன் நிற்காது என்று இதற்கு யாம் பொருள் கொள்கிறோம். சிலம்பம் பயின்றோர்க்கும் அதுவே விதி. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கத்துடன் இணைந்து 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், புற்றுநோயாளரின் கவலைக்கும் மனச்சோர்வுக்கும் ஓர்மைப் பயிற்சியைப் பரிந்துரைத்துள்ளது.

இவற்றுள் எதுவும் புற்று கரைந்தது என்று கூறவில்லை என்பதைப் பெரியோர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். நான்காம் தவணைக்கு முன் எம் இல்லத்தில் நிகழ்ந்ததை இதன்பொருட்டே எழுதுகிறோம். லாத்தா அமைதியுற்றதைக் கண்ட அதே உறவினர், தியானத்தை முன்பு பழித்தவர், இப்பொழுது அதன் பரப்புரையாளராகி வந்தார். தியானத்தால் புற்று தானே அழிந்தது என்னும் வாட்சப் செய்தி ஒன்றைக் காட்டி, "மனசு சரியானா உடம்பு சரியாகும், இந்த விஷ மருந்தை ஏன் ஏத்தணும்?" என்றார். களைப்பின் உச்சத்தில் இருந்தவர்க்கு அச்சொல் எத்துணை இனிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். லாத்தா ஒரு நாள் முழுவதும் ஒன்றும் பேசவில்லை.

இந்த ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகல் 1989ஆம் ஆண்டில், நோய் பரவிய நிலையிலிருந்த 86 பெண்களைப் பற்றி எழுதினார். குழுவாக அமர்ந்து மனம்விட்டுப் பேசியோர் ஏனையோரினும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்தனர் என்றார். உலகமே வியந்தது. 2001ஆம் ஆண்டில் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு அதே முறையைச் சோதித்தபோது வாழ்நாள் நீளவில்லை. மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. 2007ஆம் ஆண்டில் ஸ்பீகலின் சொந்த மறு ஆய்விலும் பொதுவாக வாழ்நாள் நீட்சி காணப்படவில்லை. அதை அவரே வெளியிட்டார். தம் புகழ்பெற்ற முடிவுக்கு மாறானதைத் தாமே அச்சேற்றிய அவ்வறிஞரை யாம் பெரிதும் மதிக்கிறோம்.

மனத்தால் நோய் தீரும் என்னும் கூற்றில் மற்றொரு கொடுமையும் மறைந்துள்ளது. தீரவில்லையென்றால் பழி நோயாளியின் மனத்தின்மேல் விழும். எம் வகுப்பின் ஒன்பதின்மருள் ஒருவர், ஒரு வாரமும் தவறாமல் வந்தவர், ஏழாம் வாரத்திற்குப்பின் காலமானார். அவர் சரியாகத் தியானிக்கவில்லை என்று கூற எவர்க்கு வாய் வரும்? மறுநாள் இவ்வம்மையாரைப் பற்றி எங்களுடன் பேசிய ஆலோசகர், கடைசி நாள்களில் அவர் தம் மகளின் கையைப் பற்றிக்கொண்டு மூச்சைக் கவனித்திருந்ததாக மகள் தெரிவித்தார் என்றார். அதுவே பயன், அதற்கு மேல் ஒன்றும் இதில் வாக்களிக்கப்படவில்லை.

நான்காம் தவணை குறித்த நாளில் ஏறியது. "மூச்சு பாத்தா பயம் கொறையுது. கட்டி கொறையுறது இந்தச் சிவப்புத் தண்ணியில. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று லாத்தா அவ்வுறவினரிடம் தாமே கூறினார்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் அதன் இறுதிக் குறளில் யாம் சற்று நிற்பதுண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து பேணுவோரையும் நான்காம் கூறாக வள்ளுவர் எண்ணினார். அந்நான்காம் கூறினர்க்கும் உறக்கமில்லை என்பதை இப்பொழுதெல்லாம் மாணவர்க்குச் சேர்த்தே கூறுகிறோம். எட்டு வாரம் உடன் அமர்ந்ததில் எமக்குக் கிடைத்தது ஒன்றுண்டு: லாத்தா அச்சத்தைச் சொல்லும்போது உடனே தேறுதல் கூறாமல் இறுதிவரை கேட்கும் பழக்கம். "ஒன்றும் ஆகாது" என்னும் சொல் பெரும்பாலும் சொல்பவரின் அச்சத்தையே ஆற்றுகிறது.

எல்லோர்க்கும் இது பொருந்தும் என்று கூறோம். கண்ணை மூடியதும் துயரம் பெருகுவோர் உளர். எம் வகுப்பிலேயே இருவர் இரண்டாம் வாரத்தோடு நின்றனர். ஆழ்ந்த மனச்சோர்வுடையோர்க்கு மனநல மருத்துவரும் மருந்துமே முதலில் வேண்டும்.

லாத்தா இன்று நாள்தோறும் அந்த ஒரு மாத்திரையை உட்கொள்கிறார். மூட்டுகள் வலிக்கின்றன, மாடிப்படி ஏறும்போது மாத்திரையைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். கடைக்குட்டியின் நிக்காஹ் 2024ஆம் ஆண்டு சிறப்பாக நடந்தேறியது. உம்மாவுக்கு எல்லாம் முதல் மாதமே தெரியும் என்பது அம்மணப்பந்தலில் தான் எங்களுக்குத் தெரிந்தது, "வயித்துப்புண்ணுக்கு எவடி முடியெடுப்பா?" என்றார்.

ஆறு மாதத்திற்கொரு முறை நடக்கும் சோதனை மட்டும் இன்னும் எளிதாகவில்லை. ஒரு வாரத்திற்கு முன்பே இரவு இரண்டு மணி திரும்பி வந்துவிடும். சென்ற முறை சோதனை அறைக்கு வெளியே, நீண்ட விசுப்பலகையில் எம் முறைக்காகக் காத்திருந்தோம். அருகில், தலையில் துண்டு கட்டிய இளம்பெண் ஒருத்தி கையிலிருந்த கோப்பின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். கண்மூடி அமர்ந்திருந்த லாத்தாவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, தூங்குறீங்களா?" என்று கேட்டாள். லாத்தா கண் திறந்தார். "இல்லம்மா. செருப்பைக் கழட்டு. ரெண்டு பாதத்தையும் தரையில வை. தரை சில்லுனு இருக்கா, பாரு" என்றார்.